விக்டர் வாசிப்பார்

பெரம்பூரில் ஜாஸ் டிரம்ஸ் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். பெயர் விக்டோரியா. கோலார் தங்கவயலில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசவும் மாட்டார்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் செண்பகவல்லியும் ஒருத்தி. கோவில்பட்டிக்காரி. மெல்லிசைக் குழு ஒன்றில் பல வருஷமாக டிரம்ஸ் வாசிப்பவள். கல்யாண மண்டபங்களில் ஒரே பாட்டுகளை வாசித்து வாசித்துக் கை மரத்துவிட்டது, வேறு ஏதாவது கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றாள். ஆசிரியையைவிட வயதில் மூத்தவள். அவள் இவரை 'டீச்சர்' என்பாள். இவர் அவளை 'அக்கா' என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செண்பகவல்லி செருப்பை உதறி எறிந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"டீச்சர், நான் இனிமே குச்சியைத் தொட மாட்டேன்."

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லத்தானே வந்திருக்கீங்க."

முந்தின நாள் ஒரு கல்யாண வரவேற்பு. உள்ளூர் டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். கேமரா மேடைப் பக்கம் திரும்பியதும் குழுத் தலைவர் மகுடபதி பாட்டுக்கு நடுவிலேயே அவளிடம் வந்து குனிந்தார்.

"'எந்திரி செண்பகம், என் மச்சினன் கொஞ்ச நேரம் உக்காரட்டும்'னான். அவன் மச்சினனுக்குத் தாளமே நிக்காது டீச்சர். டிவியில பாக்கும்போது டிரம்ஸ்ல ஆம்பளை இருந்தாத்தான் எடுப்பா இருக்குமாம். நான் எந்திரிச்சுப் போயி பந்தி நடக்கிற இடத்துல ஓரமா நின்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஒருத்தன், 'ஏம்மா, இங்க ஒரு அப்பளம்'னான்."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

விக்டோரியா டிரம்ஸைக் காட்டினார். "உட்காருங்க."

"தொட மாட்டேன்னு சொன்னேனே."

"கடைசியா ஒரு தடவை."

செண்பகவல்லி உட்கார்ந்தாள். அடித்தாள். அது வாசிப்பு இல்லை. மகுடபதியை அடித்தாள், மச்சினனை அடித்தாள், அப்பளம் கேட்டவனை அடித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து மேலே பார்த்தார். கடைசியில் நடு டிரம்மின் தோல் கிழிந்து குச்சி உள்ளே போய்விட்டது.

விக்டோரியா அலமாரியிலிருந்து புதுத் தோல் ஒன்றை எடுத்தார். தரையில் உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிழிந்ததை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். விரலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு அக்கா. அதையும் கிழிக்கணுமா?"

செண்பகவல்லியின் ஆத்திரம் இப்போது ஆசிரியை மேல் திரும்பியது.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. குச்சிக்குப் பதிலா மெத்து மெத்துன்னு கம்பி பிரஷ்ஷை வெச்சு டிரம்ஸைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்குக் கோபமே வந்ததில்லையா?"

"வந்தது."

"எப்ப போச்சு?"

"போச்சுன்னு நான் சொல்லலையே."

விக்டோரியா கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

விக்டோரியாவின் அப்பா சவரிமுத்து பகலெல்லாம் சுரங்கத்தில் வேலை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிப்பார். சாவுக்கும் அடிப்பார், கல்யாணத்துக்கும் அடிப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து மகளுக்கும் கை வந்துவிட்டது.

சுரங்க அதிகாரிகளின் கிளப்பில் கிறிஸ்துமஸ் நடனம் நடக்கும். ஒரு வருஷம் டிரம்மர் குடித்துவிட்டுச் சமையலறையில் விழுந்து கிடந்தார். அங்கே பரிமாற உதவிக்கு வந்திருந்த விக்டோரியா பாவாடையை முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. டிரம்மர் மாறியதே பல பேருக்குத் தெரியவில்லை.

அன்று அங்கே விருந்தாளியாக வந்திருந்தவர் ரொசாரியோ. மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலில் ஜாஸ் குழு நடத்திக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் வாசிப்பவர். நடனம் முடிந்ததும் நேராக விக்டோரியாவிடம் வந்தார்.

"என் டிரம்மர் துபாய்க்குப் போறான். நீ வர்றியா?"

வேறு எதையும் யோசிக்காமல் விக்டோரியா மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்.

ஹோட்டல் மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ரொசாரியோவிடம் சொன்னார்:

"பொம்பளைப் பிள்ளை காலை அகட்டி உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறதைக் குடும்பத்தோட வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? கவுன் போட்டு முன்னாடி நிறுத்து. பாடட்டும்."

"இவளுக்குப் பாட வராது. இவளை மாதிரி டிரம்ஸ் வாசிக்க இந்த ஊர்ல ஆள் கிடையாது."

இரண்டு பேரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டிரம்ஸுக்கு முன்னால் வரிசையாக ஆளுயரப் பனைச்செடித் தொட்டிகளை வைத்தார்கள். பின்னால் இருப்பவர் யார் என்று தெரியாது.

"பேரை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கலாம்" என்றார் ரொசாரியோ. "விக்டர். அதுல பொய் இல்லையே. உன் பேர்ல பாதிதானே?"

"நீங்க சரின்னுட்டீங்களா?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"வாசிக்க இடம் கிடைச்சுதே, அக்கா. சரின்னுட்டேன்."

விக்டருக்குப் பேர் வந்தது. பத்திரிகையில், 'விக்டரின் மணிக்கட்டு இரும்பு' என்று எழுதினார்கள். ஒரு அம்மாள் தன் மகளுக்கு விக்டரைப் பார்க்கலாமா என்று ரொசாரியோவிடம் விசாரித்தார். குழுவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விக்டோரியாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு அறைக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டிரம்மர் ஒருவர் கச்சேரி கேட்டார். முடிந்ததும் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"விக்டரை நான் பார்க்கணும். கையைக் குலுக்கணும்."

"அச்சச்சோ" என்றார் ரொசாரியோ. "அவனுக்கு உடம்பு சரியில்லை. இப்பத்தான் கிளம்பினான்."

செடிக்கு அந்தப் பக்கம் விக்டோரியா உட்கார்ந்திருந்தார். நீட்டினால் கை எட்டும் தூரம். கையில் குச்சிகள் இருந்தன. விரல்கள் இன்னும் சூடாக இருந்தன. வந்தவர் வருத்தப்பட்டுக்கொண்டே திரும்பிப் போனார்.

"எந்திரிச்சு வெளிய வந்திருக்க வேண்டியதுதானே!" செண்பகவல்லி கத்தினாள்.

"வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த ஹோட்டலில் டீ நேரத்து நடனம். கூட்டம் நிறைய. பாட்டு உச்சத்துக்குப் போனதும் ரொசாரியோ சாக்ஸபோனை இறக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இப்போது நம் விக்டர் வாசிப்பார்!"

எல்லா வாத்தியங்களும் நின்றன. டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடம் அது. விக்டோரியா குச்சிகளைக் கீழே வைத்தார். எழுந்தார். தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். காலியாக இருந்த ஒரு மேஜையில் உட்கார்ந்து, எலுமிச்சை ஜூஸ் ஒன்று கொண்டு வரச் சொன்னார்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கையை வைத்தபடி அப்படியே நின்றார்கள். ரொசாரியோ ஓடி வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"என்ன பண்றே நீ?"

"காத்திருக்கேன் சார்."

"எதுக்கு?"

"விக்டர் வாசிப்பார்னு சொன்னீங்களே. கேட்டுட்டுப் போகலாம்னு."

செண்பகவல்லி தன்னை மறந்து கை தட்டிவிட்டாள். "அப்படிப் போடுங்க! அப்புறம்?"

"அப்புறம் மேனேஜர் வந்து என் கையைப் பிடிச்சு வெளியில தள்ளினார். ஜூஸ் வரலை."

"மத்த குழுக்காரங்க?"

"யாரும் கூப்பிடலை. பாட்டு நடுவுல எழுந்து போறவள்னு ரொசாரியோ ஊர் முழுக்கச் சொல்லிட்டார். டிரம்மருக்கு அதைவிடக் கெட்ட பேர் உண்டா?"

செண்பகவல்லியின் முகம் வாடிவிட்டது. "அப்ப நீங்க ஜெயிக்கலையா?"

"இல்லை."

ஊர் ஊராகக் கூடாரம் போடும் ஒரு சர்க்கஸ் கம்பெனியில்தான் விக்டோரியாவுக்கு அடுத்த வேலை கிடைத்தது. அங்கே பெண்கள் கம்பிமேல் சைக்கிள் ஓட்டினார்கள். சிங்கத்தின் வாய்க்குள் தலையை விட்டார்கள். பெண் டிரம்ஸ் வாசிப்பதை அங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உயரத்தில் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குத் தாவுகிறவள் பார்கவி. தலச்சேரிக்காரி. அவள் தாவும்போது விக்டோரியாவின் குச்சிகள் இடைவிடாமல் படபடவென்று அடித்துக்கொண்டே வர வேண்டும். அவள் கையை விடும் நொடியில் ஓர் அடி. அந்த அடியை வைத்துத்தான் அவள் விடுவாள்.

சேலத்தில் கூடாரம் போட்டிருந்தபோது பழைய நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். டிரம்பெட் வாசிப்பவர்.

"ரொசாரியோ குழுவுல விக்டர் திரும்ப வந்துட்டாரே, கேட்டியா?" என்றார்.

"யாரு?"

"விக்டர்தான். உயரமா, மீசை வெச்சுக்கிட்டு. தொட்டியை எல்லாம் எடுத்துட்டாங்க. முன்னாடி உட்கார்ந்து வாசிக்கிறார்."

அன்று மதியக் காட்சியில் விக்டோரியா எப்படி வாசித்தார் என்று அவருக்கே நினைவில்லை. தாடை வலித்தது மட்டும் நினைவிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டே வாசித்திருக்கிறார். காட்சி முடிந்ததும் பார்கவி நேராக அவரிடம் வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று விக்டோரியா நினைத்தார்.

"இன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் பார்கவி.

"மன்னிச்சுக்கோ. மனசு சரியில்லை. கோபத்துல வாசிச்சுட்டேன்."

"தினமும் இப்படியே வாசி. மத்த நாள் எல்லாம் நான் எங்கே விழுந்துடுவேனோன்னு பயந்து பயந்து வாசிக்கிறே. அந்தப் பயம் மேல வரைக்கும் வருது. இன்னைக்கு வரலை. உன் அடி எங்க விழும்னு எனக்குத் தெரிஞ்சுது. நிம்மதியா கையை விட்டேன்."

"அது கோபம், பார்கவி."

"என்னவோ இருக்கட்டும். அது எனக்கெதுக்கு?"

விக்டோரியா எழுந்தார். கதை முடிந்துவிட்டது என்பது போல ஜன்னலைத் திறந்தார்.

"அப்ப கோபம் நல்லதுன்னு சொல்லுதீங்களா?" என்றாள் செண்பகவல்லி.

"சர்க்கஸ்ல என்ன நடந்ததுன்னு சொன்னேன்."

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"குச்சியைத் தொட மாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க."

செண்பகவல்லி கீழே கிடந்த குச்சிகளைப் பார்த்தாள். முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த முகூர்த்த நாளில் அம்பத்தூரில் ஒரு வரவேற்பு. மறுபடியும் கேமரா வந்தது. மறுபடியும் மகுடபதி குனிந்தார்.

"எந்திரி செண்பகம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

அவர் கையைக் காட்ட, டிரம்ஸுக்கு வைத்திருந்த மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. டிரம்ஸுக்கு மைக் எதற்கு? மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. மகுடபதியின் மச்சினன் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். பாட்டுக்குப் பாட்டு நின்றான். நிகழ்ச்சி முடியும்வரை அவளுக்கு ஓர் அடிகூடப் பிசகவில்லை.

மறுநாள், இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செண்பகவல்லி ஆசிரியையிடம் வந்தாள்.

"வேலை போச்சு டீச்சர்."

"எனக்கும் போச்சுன்னு சொன்னேனே."

"அது தெரியும். வேற ஏதாவது சொல்லுவீங்கன்னு வந்தேன்."

விக்டோரியா பிரஷ்களை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பிரஷ் பிடிக்கும்போது உங்க இடது கை இன்னும் இழுக்குது, அக்கா. உட்காருங்க."

செண்பகவல்லி முறைத்தாள். ஆனால் உட்கார்ந்தாள். அன்று வெகு நேரம் இடது கையை மட்டும் பழகினார்கள். அடுத்த நாட்களில் அவள் வேறு குழுக்களில் வேலை கேட்டுப் பார்த்தாள். மகுடபதி முந்திக்கொண்டு எல்லோரிடமும் பேசியிருந்தார். ஒரு வாரம் முழுக்க அவள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்தாள்.

அப்படி ஒரு வகுப்பின்போது போன் அடித்தது. விக்டோரியா எடுத்தார். மறுமுனையில் பேசியவரின் வயதான குரல் அறையில் இருந்த செண்பகவல்லிக்கும் கேட்டது.

"விக்டோரியா? நான் ரொசாரியோ."

விக்டோரியா போனை மற்றொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பிள்ளைங்க ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்காங்க. எனக்குப் பாராட்டு விழா நடத்தணுமாம். பழைய குழு எல்லாரும் வாசிக்கணும்னு ஆசை. நீ வருவியா?"

"என்னென்ன பாட்டு?"

அவர் சொன்னார். விக்டோரியா கேட்டுக்கொண்டார். "சரி சார்" என்று போனை வைத்தார்.

செண்பகவல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

"போகக் கூடாது டீச்சர்."

"ஏன்?"

"அவன் உங்களைச் செடிக்குப் பின்னால உக்கார வெச்சவன்!"

"ஆமா."

"உங்க பேரைத் தூக்கி மீசைக்காரனுக்குக் குடுத்தவன்! ஊர் பூரா உங்களைப் பத்திக் கேவலமாப் பேசினவன்!"

"ஆமா."

"அப்புறம் எதுக்குப் போறீங்க? மன்னிச்சு விட்டுட்டீங்களா?"

"பாஸ் கிடார் வாசிக்கிற மோசஸ் வர்றார், அக்கா. அவரோட வாசிச்சு எத்தனை காலமாச்சு! நீங்களும் வாங்க. கையால தட்டுற அந்த உயரமான தும்பா வாசிக்க ஆள் வேணும்."

செண்பகவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினாள். ஆனாலும் விழா அன்று தும்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையின் பின்பக்கம் டிரம்ஸ் வைக்க இடம் குறித்திருந்தார்கள். விக்டோரியா அதைப் பார்த்தார். ஆட்களைக் கூப்பிட்டு, டிரம்ஸை எடுத்து வந்து ரொசாரியோவின் நாற்காலிக்கு நேர் பக்கத்தில் வைக்கச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அவர் கேட்ட விதம் அப்படி.

ரொசாரியோவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். தளர்ந்துபோயிருந்தார். சாக்ஸபோன் அவர் கழுத்தை இழுத்தது. முதல் பாட்டு தொடங்கியது.

கிழவருக்கு மூச்சு போதவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பின்தங்கினார். மற்றவர்கள் அவருக்காக வேகத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். விக்டோரியா குறைக்கவில்லை. அவரை விட்டுவிட்டு ஓடவும் இல்லை. ஒரே சீராக வாசித்தார். பக்கத்தில் இருந்த செண்பகவல்லி ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது. கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. வகுப்பில் ஒரு நாளும் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கே பயமாக இருந்தது.

ஆனால் கைகள் தளர்வாக இருந்தன.

கொஞ்ச நேரத்தில் ரொசாரியோ அந்த அடியைப் பிடித்துக்கொண்டார். அதில் ஏறி நின்றார். பழைய நாட்களில் வாசித்தது போல ஒரு நீண்ட வரியை வாசித்து முடித்தார். சபை எழுந்து நின்று கை தட்டியது.

அவர் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்றேன்" என்றார். "அந்தக் காலத்துல எங்க குழுவுல விக்டர்னு ஒரு டிரம்மர் இருந்தான்."

தொட்டிகளைப் பற்றிச் சொன்னார். பெண் கொடுக்க வந்த அம்மாளைப் பற்றிச் சொன்னார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளிநாட்டுக்காரரைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னார். எலுமிச்சை ஜூஸைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மீசைக்காரரைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை.

செண்பகவல்லிக்குக் கண் எரிந்தது. தும்பாவின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியது. ரொசாரியோ பக்கத்தில் திரும்பினார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"அது விக்டர் இல்லை. இதோ, இவதான். விக்டோரியா" என்றார். "தப்புப் பண்ணிட்டேன்மா. அப்படிப்பட்ட காலம் அது. இப்ப எல்லாத்தையும் மறந்துட்டே இல்லே? என்னை மன்னிச்சுட்டே இல்லே?"

மைக்கை விக்டோரியாவின் வாயருகே நீட்டினார். முன்வரிசையில் அவருடைய மகள் கைக்குட்டையை எடுத்தாள். சபையில் எல்லோரும் கை தட்டத் தயாராகக் கைகளைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

விக்டோரியா மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"இல்லை, சார்" என்றார். "அடுத்த பாட்டு என்ன?"